என் பெண் செய்யும் 'ஃபேமிலி'

ரவிக்கை வெட்டத் தெரிந்த சகோதரிகளுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரிந்துவிடும். தெரியாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தூண், உத்தரம், கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்தாலும் விஷயம் என்னவோ நம் வீட்டு விஷயம்தான்.

என் மூத்த பெண் சிவில் டிப்ளமோ படித்தவள். விழுப்புரத்தில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் மாதிரி செய்யும் வேலையில் சேர்ந்தாள். கல்யாணம் ஆயிற்று. பிரசவத்துக்கு எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்கு வந்தாள். முன்பு 12 வாரமாக இருந்த பிரசவ விடுப்பை 2017-ல் சட்டத்தைத் திருத்தி 26 வாரமாக்கினார்கள் அல்லவா, அந்தப் புண்ணியத்தில் ஆறு மாதம் நிம்மதியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கம்பெனியில் பேசி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரண்டு தரப்பும் பேசி அப்படிச் செய்துகொள்ளலாம் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். நிறைய இளம் தாய்மார்களுக்கு இது தெரிவதில்லை. கேட்டால்தானே கிடைக்கும்!

சட்டத்தில் இருந்தால் போதுமா, ஊர் ஒத்துக்கொள்ள வேண்டாமா? கூடத்து ஜன்னலோரம் மேஜையைப் போட்டு லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பார்க்கிறவர்களுக்குச் சினிமா பார்ப்பது போலத்தான் இருக்கிறது. "என்னக்கா, பொண்ணு நாள் பூரா பொட்டி முன்னாடியே குந்திக்கினு இருக்கு?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். அவள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடலாம். பேத்தியைப் பார்க்க வந்து நாலு நாள் தங்கிய சம்பந்தியம்மாவும் அதையே கேட்டார்கள்.

"கொழந்த உங்க இடுப்புலயே கெடக்குது. இவ அந்தப் பொட்டியில எதையோ இழுத்து இழுத்து வெச்சிக்கினு இருக்கா. எட்டு மாசம் ஆயிடுச்சி. வேலைய உட்டுட்டு வந்துடட்டுமே சம்பந்தி, சோத்துக்கா பஞ்சம் நம்ம வூட்ல?"

பொல்லாத மனுஷி இல்லை அவர்கள். நாலு பிள்ளைகளை வளர்த்து, நாற்று நட்டு, களத்துமேட்டிலும் நின்றவர்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். எனக்கோ பதில் சொல்ல ஆசை. ஆனால் என்னவென்று சொல்வது? "என்னடி வேலை அது?" என்று என் பெண்ணைக் கேட்டால், "ஃபேமிலி பண்றேம்மா" என்கிறாள். இதைப் போய்ச் சம்பந்தியம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்!

ஆகவே, குழந்தை தூங்கிய பிறகு நாலைந்து ராத்திரி அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இந்த மாதிரி வேலை பார்க்கும் மகளோ மருமகளோ உள்ளவர்களுக்கு உதவும்.

முன்காலத்தில் கட்டடம் கட்டப் பேப்பரில் படம் போடுவார்கள். நீலநிறக் காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எஞ்சினீயர் வருவாரே, அதுதான். அந்தப் படத்தில் இருப்பது வெறும் கோடுகள். நாலு கோடு சேர்ந்தால் தூண் என்று மனிதர்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். தரைப் படத்தில் தூணைத் தள்ளிப் போட்டுவிட்டு, பக்கவாட்டுப் படத்தில் மாற்ற மறந்தால், அது தெரிவது கொத்தனார் குழி தோண்டிய பிறகுதான்.

இப்போது செய்வது வேறு. பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமாக 'பிம்' என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் கட்டடத்தையே ஒரு தடவை கட்டிவிடுவது. அதில் இருக்கும் தூணுக்குத் தான் தூண் என்று தெரியும். தன் அகலம் எவ்வளவு, எந்தத் தளத்தில் நிற்கிறோம், எத்தனை கனமீட்டர் கான்கிரீட் குடிக்கிறோம் எல்லாம் தெரியும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும், சாமான் கணக்கிலும் தானே மாறிவிடும். இந்த யோசனை புதிதும் இல்லை. 1970-களிலேயே அமெரிக்காவில் சக் ஈஸ்ட்மன் என்ற பேராசிரியர் இதைப் பற்றி எழுதிவிட்டாராம். என் பெண் உபயோகிக்கும் 'ரெவிட்' என்ற மென்பொருள் 2000-ல் வெளிவந்து, 2002-ல் ஆட்டோடெஸ்க் கம்பெனிக்குப் போனது. இரும்புக் கட்டடங்களுக்குப் பின்லாந்துக்காரர்கள் செய்த 'டெக்லா' என்று இன்னொன்று இருக்கிறது. அதிலும் இதே வேலை உண்டு; பெயர்தான் வேறு.

சரி, ஃபேமிலிக்கு வருவோம். ரெவிட்டை வாங்கும்போதே சதுரத் தூண், வட்டத் தூண், நீள உத்தரம் என்று சாதாரணமானவை எல்லாம் கூடவே வந்துவிடும். கடையில் தொங்கும் ரெடிமேட் ரவிக்கை மாதிரி. ஆனால் எல்லா உடம்புக்கும் ரெடிமேட் சேருமா? கட்டடத்திலும் அப்படித்தான். தொழிற்சாலை ஷெட் ஒன்றுக்கு, நடுவில் கை நீட்டிய தூண் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அது கிடையாது. நாமே வெட்டித் தைக்க வேண்டும். ரெடிமேடாக வந்ததோ, சொந்தமாகச் செய்ததோ, இப்படிப்பட்ட உறுப்புக்குத்தான் 'ஃபேமிலி' என்று பெயர். ஒரே ஜாடை, அளவு மட்டும் வேறு வேறு என்பதால் குடும்பம் என்று வைத்தார்களோ என்னவோ!

கை நீட்டிய தூண் என்றேனே, அதைப் பார்க்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் பிரம்மதேசத்தில் பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் என்று சோழர் காலத்துக் கற்கோயில்கள் இரண்டு. கற்கோயில் மண்டபத்தில் தூணின் தலையில் இரண்டு பக்கமும் நீண்டுகொண்டு ஒரு கல் இருக்கும். போதிகை என்பார்கள். மேலே வரும் கல் உத்தரம் அதன்மேல்தான் உட்காரும். பிரதோஷத்துக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறவள்தான் நான். அது எதற்கு என்று யோசித்ததில்லை. கல் உத்தரம் ஒரே நீளமாகத் தாண்ட முடியாது, நடுவில் விரிசல் விடும். போதிகை கை நீட்டினால் தாண்ட வேண்டிய தூரம் குறைகிறது என்றாள் என் பெண். சிற்ப சாஸ்திர நூல்களில் போதிகைக்கு இத்தனை முழம் என்று தனியாகச் சொல்லாமல், தூணின் அளவை வைத்துக்கொண்டு அதில் இத்தனை பங்கு என்றுதான் சொல்வார்களாம். தூண் பெருத்தால் போதிகையும் பெருக்கும்.

"நான் பண்றதும் அதேதாம்மா. கல்லுக்குப் பதிலா கம்ப்யூட்டர்" என்றாள்.

தொழிற்சாலைத் தூணில் இப்படி நீட்டிக்கொண்டிருக்கும் கைக்கு கார்பல் என்று பெயர். அதன்மேல் தண்டவாளம் மாதிரி ஓர் உத்தரம் ஓடும். அதன்மேல் கிரேன் ஓடும். டன் கணக்கில் சுமையைத் தூக்கிக்கொண்டு, கீழே வேலை செய்கிறவர்களின் தலைக்குமேலே போகும். அதனால் கார்பல் ஓர் அங்குலம் மேலே கீழே இருந்தாலும் கதை கெட்டுவிடும்.

அதை எப்படிச் செய்கிறாள் என்று பார்த்தேன். உருவத்தை உடனே வரைவாள் என்று நினைத்தேன். இல்லை! முதலில் பச்சை நிறத்தில் புள்ளிக் கோடுகளாகப் போட்டாள். நடுக்கோடு, இடது விளிம்பு, வலது விளிம்பு, முன்பக்கம், பின்பக்கம், கார்பலின் மேல்மட்டம், அது எவ்வளவு தூரம் நீளுகிறது... இவை கண்ணுக்குத் தெரியாத பலகைகள் மாதிரி, கட்டடத்தில் வராது. நாம் துணியை மடித்துப் போட்டு, கத்தரிக்கோலைத் தொடுமுன் சாக்குக்கட்டியால் நடுக்கோடு, தோள்கோடு, மார்புக்கோடு, இடுப்புக்கோடு போடுகிறோமே, அச்சு அசல் அதேதான். கோடுகளைப் போட்ட பிறகு அவற்றுக்கு நடுவே அளவு வைக்கிறாள். அளவுக்கு வெறும் எண் கிடையாது, பெயர் உண்டு. தூண் அகலம், தூண் தடிமன், கார்பல் நீட்டம், கார்பல் உயரம் என்று. பெயர் வைத்துவிட்டால் எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கோடு நகரும். கடைசியில்தான் உருவம். உருவத்தின் விளிம்புகளைக் கோட்டோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறாள். பூட்டுப் படம்கூட வருகிறது, குட்டியாக!

"உருவத்தை நேரா வரைஞ்சா அஞ்சு நிமிஷம்தான். ஆனா அளவு மாறினா ஒண்ணும் அசையாது. செத்த பொம்மை" என்றாள்.

சில அளவுகளுக்கு எண்ணே கிடையாது, கணக்குதான். 'கார்பல் அகலம் என்பது தூண் அகலம்' என்று எழுதிவிட்டால், தூணை 400 மில்லிமீட்டரிலிருந்து 500 ஆக்கும்போது கார்பலும் தானே 500 ஆகிவிடும். நாம் மார்புச் சுற்றளவை வைத்துக் கைக்குழி ஆழம் போடுகிறோம் இல்லையா? கைக்குழிக்குத் தனியாக டேப் வைத்தா அளக்கிறோம்?

இதுவரை எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. விஷயம் எங்கே இருக்கிறது என்பது அந்த வாரக் கடைசியில் தெரிந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகு அவளுக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை அது. ஒரு தொழிற்சாலை ஷெட். தூண்கள் எல்லாம் வேறிடத்தில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து நிறுத்துபவை. கார்பல் தூணுக்கான ஃபேமிலியை முன்பே யாரோ செய்துவைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எல்லாத் தூணும் போட்டாயிற்று. பார்க்க லட்சணமாக இருக்கிறது. திடீரென்று ஷெட் சொந்தக்காரர்கள் கூரையை 600 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2 அடி, உயர்த்தச் சொல்லிவிட்டார்கள். கூரை மட்டத்தை ஏற்றியதும் தூண்கள் எல்லாம் தானே நீண்டன. ஆஹா என்று நினைக்கும்போதே இவள் கவனித்திருக்கிறாள்: கார்பலும் கூடவே 2 அடி ஏறிவிட்டது!

ஏன்? செய்தவர் கார்பல் உயரத்தைத் தூணின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி அளந்து வைத்திருக்கிறார். உச்சி ஏறினால் கார்பலும் ஏறும். ஆனால் கிரேன் ஓடும் மட்டம் தரையிலிருந்து இத்தனை என்று முடிவானது. கீழே நிற்கும் மெஷினுக்கும் கிரேன் கொக்கிக்கும்தான் சம்பந்தம். கூரை எங்கே போனாலும் கிரேனுக்கு என்ன?

அவள் இதைச் சொன்னதுமே எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ரவிக்கையில் டாட் பிடிக்கிறோம். டாட்டின் முனை எங்கே வர வேண்டும் என்பதைத் தோளிலிருந்து கீழ்நோக்கி அளக்கிறோம். ரவிக்கை உயரம் 14 அங்குலமானாலும் 15 ஆனாலும் அது மாறாது; ஏனென்றால் உடம்பு மாறவில்லை. அரைகுறையாகத் தைக்கக் கற்றவர்கள் அடிவிளிம்பிலிருந்து மேல்நோக்கி அளந்துவிடுவார்கள். ஒரு ரவிக்கைக்குச் சரியாகவே வரும். அடுத்தவர் உயரம் கூட்டிக் கேட்டால் டாட் ஓர் அங்குலம் கீழே இறங்கி அசிங்கமாக நிற்கும். தையலில் பிழை இருக்காது; துணியும் நல்ல துணியாகத்தான் இருக்கும். எங்கேயிருந்து அளந்தோம் என்பதில்தான் கோளாறு. இதை நான் சொன்னதும் என் பெண் கையைத் தட்டிச் சிரித்துவிட்டாள்.

அவளுக்குமேலே இருப்பவருக்கு அவசரம். "இப்போதைக்கு அந்த எண்ணில் 600-ஐக் கூட்டிப் போட்டுவிடு, கார்பல் பழைய இடத்துக்கு வந்துவிடும், திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும்" என்றாராம். நியாயம்தான், கண்ணுக்குச் சரியாகிவிடும். டாட்டைப் பிரித்து இழுத்துத் தைப்பது மாதிரி. ஆனால் கூரை இன்னொரு தடவை மாறினால்? அப்போது யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? வார்த்த தூணில் கார்பலை நகர்த்த முடியாது. இடித்துப் போட வேண்டியதுதான். யாரும் கவனிக்காமல் கிரேனும் ஏறிவிட்டால்... எனக்கு அதற்குமேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

என் பெண் ஃபேமிலியைத் திறந்து, கார்பல் மட்டத்தைத் தரையிலிருந்து அளக்கும்படி முழுக்க மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் ஒரு மணிவரை உட்கார்ந்தாள். பேத்திக்கு அப்போதுதான் முதல் பல் முளைக்கும் நேரம். உடம்பு வெதுவெதுப்பு, சிணுங்கல். தோளில் போட்டுக்கொண்டு நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். பால் கொடுக்கும் நேரம் மட்டும் அவளிடம் தருவேன்; குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கண் திரையிலேயே இருக்கும் அவளுக்கு.

செய்து முடித்தவுடன் அனுப்பிவிடவில்லை. அதை ஆட்டிப் பார்க்க வேண்டுமாம். தூண் அகலத்தில் 300 போடுகிறாள், 1000 போடுகிறாள். கூரையை மூன்று மீட்டர் ஏற்றுகிறாள், இறக்குகிறாள். கார்பல் நீட்டத்தைப் பூஜ்யம் ஆக்கிப் பார்க்கிறாள். ஒரு எண்ணுக்கு உருவம் உடைந்து, சிவப்பாக எச்சரிக்கை வந்தது. பழையபடி கோட்டைத் தேடிப் பூட்டினாள். "யாரும் போடாத எண்ணைப் போடறே, எதுக்குடி?" என்றேன். "போடுவாங்கம்மா. நான் பக்கத்துல இருக்கமாட்டேன், அப்பப் போடுவாங்க" என்றாள். அவள் செய்வதை அவள் மட்டும் உபயோகிப்பதில்லை. யாரோ ஓர் ஊரில் யாரோ திறந்து, எண்ணை மாற்றிக்கொண்டு போவார்கள்.

அதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சில அளவுகள் இனத்துக்கு, சில தனித்தூணுக்கு. இனத்தின் அளவை மாற்றினால் அந்த இனத்துத் தூண்கள் எல்லாம் ஒரே நொடியில் மாறும். தனி அளவை மாற்றினால் அந்த ஒரு தூண் மட்டும் மாறும். எதை எதில் வைப்பது என்பது செய்கிறவரின் புத்தியைப் பொறுத்தது. 36 சைஸ் பேப்பர் கட்டிங்கையே வெட்டிச் சின்னதாக்கிவிட்டால், இனிமேல் வரும் 36 எல்லாம் சின்னதுதான். ஒருத்திக்கு மட்டும் கை நீளம் கூட்ட வேண்டுமென்றால் துணியில்தான் கூட்ட வேண்டும். தூணின் அகலம், தடிமன் இனத்துக்கு. கார்பல் மட்டம் தனித்தூணுக்கு என்று பிரித்தாள். தரை சமமில்லாத ஷெட்டில் ஓரிரண்டு தூண் வேறுமாதிரி வரலாமாம்.

ஆரம்பத்தில் எந்த அச்சை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். கட்டமைப்புத் தூண், உத்தரம், அஸ்திவாரம் என்று தனித்தனி அச்சு இருக்கிறது. எதிலும் சேராத 'பொதுச் சாமான்' என்றும் ஓர் அச்சு உண்டு. அவசரக்காரர்கள் அதை எடுத்துக் கார்பலை மட்டும் தனியாகச் செய்து தூணோடு ஒட்டவைத்துவிடுவார்களாம். படத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 'தூண்களுக்கு எவ்வளவு கான்கிரீட்?' என்று கணக்குக் கேட்டால் அந்தக் கார்பல் கணக்கில் வராது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டேன். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். கார்பல் 400 மில்லிமீட்டர் அகலம், 300 நீட்டம். தூணோரம் 500 உயரம், நுனியில் 250. ஒன்றுக்கு 0.045 கனமீட்டர். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கனமீட்டர் சுமார் 2500 கிலோ என்றால், ஒரு கார்பல் 112 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். 120 தூண், தூணுக்கு இரண்டு கார்பல் என்றால் 240. மொத்தம் 27 டன்! கிட்டத்தட்ட இரண்டு லாரிக் கலவை கணக்கில் காணாமல் போகும். தூணைத் தூக்கி நிறுத்தும் கிரேன்காரருக்குச் சொல்லும் எடையும் தூணுக்கு 225 கிலோ குறைவாகப் போகும். மளிகைப் பட்டியலில் ஒரு கிலோ புளி விட்டுப்போவது மாதிரி இல்லை இது.

தூண் என்ன பொருள் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். இரும்பு என்று இருந்துவிட்டால் உள்ளே முறுக்குக் கம்பி வைக்க விடாதாம். அதுவும் சரிதானே, இரும்புத் தூணுக்குள் கம்பி எதற்கு என்று அது நினைத்துக்கொள்கிறது. அப்புறம் பெயர். பழைய ஆள் 'கார்பல் புதுசு', 'கார்பல் புதுசு 2', 'கடைசி', 'கடைசியோ கடைசி' என்றெல்லாம் வைத்திருந்தாராம். நம் அடுக்களை டப்பாக்கள் மாதிரி. நமக்காவது முகர்ந்து பார்த்தால் தெரியும்!

அழகுக்காக எல்லாவற்றையும் வரையவும் கூடாது. ஒவ்வொரு போல்ட்டு மரையையும் செதுக்கிவைத்தால் ஃபைல் கனத்துப் போய் நகராது. பேப்பர் கட்டிங்கில் யாராவது எம்பிராய்டரி போடுவார்களா?

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டுக்கு என்று நினைக்க வேண்டாம். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், 118.9 கிலோமீட்டருக்கு மூன்று தடங்கள் என்று திட்டமிட்டார்களே, அதில் இந்த பிம் முறையைத்தான் கையாளுகிறார்கள். நாக்பூர் மெட்ரோவும் இதில் பேர் வாங்கியது. வளசரவாக்கம் பக்கம் ஆற்காடு சாலையில் போனால் பாருங்கள்: ஒரே தூண் வரிசையில் கீழே ஒரு ரயில், மேலே ஒரு ரயில் என்று இரண்டு தடம். அந்தத் தூண்கள் கை நீட்டி நிற்பதைப் பார்த்தால் எனக்கு எங்கள் ஊர்ப் போதிகைதான் ஞாபகம் வருகிறது. இப்படிப்பட்ட தூண் எந்த மென்பொருளிலும் ரெடிமேடாகக் கிடைக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கோடு போட்டு, அளவுக்குப் பேர் வைத்துச் செய்ய வேண்டியதுதான். அதில் எத்தனை பேர் கைக்குழந்தைக்காரிகளோ!

சிவில் படித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருக்கும் பெண்கள் எங்கள் பக்கத்திலேயே நிறைய. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வருஷாவருஷம் பெண்கள் படித்துவிட்டு வருகிறார்கள். படிக்கும்போதே ரெவிட் கற்றுக்கொள்வது நல்லது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆட்டோடெஸ்க் அதை இலவசமாகவே தருகிறது; வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். படிப்பு முடிந்தபின் சொந்தமாக வாங்குவதென்றால் விலை கையைச் சுடும். கம்பெனி தருவதில்தான் வேலை செய்ய முடியும்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரசவமான இடுப்பு அது. ஆரம்பத்தில் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து, சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்று திண்டிவனத்தில் வாங்கினோம். கால் தொங்காமல் ஒரு மணைப்பலகை. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்த நாலு தடிப் புத்தகம், விசைப்பலகை தனியாக. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் டாக்டர்கள். எங்கள் ஜன்னலுக்கு நேரே புளியமரம்; காக்கை பார்க்கிறாள். இடுப்பில் குழந்தையோடு திரையைக் குனிந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை, அதட்டிவிடுவேன்.

சம்பந்தியம்மா கார்த்திகை முடிந்து மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை நானே கூப்பிட்டு, என் ஸ்டூலில் உட்கார வைத்தேன். "அத்தை, இந்த எண்ணை மாத்திப் பாருங்க" என்று என் பெண் அவர்கள் விரலைப் பிடித்துப் பொத்தான்களில் வைத்தாள். கூரை ஏறியது, தூண் நீண்டது, கார்பல் நின்ற இடத்திலேயே நின்றது. இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தார்கள். இறக்கிப் பார்த்தார்கள். அகலத்தைக் கூட்டியதும் வரிசையாக எல்லாத் தூணும் பெருத்தபோது பயந்து கையை எடுத்துவிட்டார்கள்.

"ஏம்மா, இது தப்பாப் போனா யாரைக் கேப்பாங்க?"

"என்னைத்தான் அத்தை."

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம், "எங்க வூட்ல தெக்கால ரூம்புல வெளிச்சம் நல்லா வரும். கரண்டு போனா இன்வெட்டரு இருக்குது. அந்த ஒயரு கனெக்ஷன் மட்டும் இழுக்கணும், இல்ல?" என்றார்கள்.

தை பிறந்ததும் குழந்தையோடு அங்கே போவதாக ஏற்பாடு. பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை குழந்தை அவர்களிடம், அப்புறம் தூக்கம், நாலு மணிக்குமேல் மாப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்வார் என்று மூவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மாசத்துக்குப் பத்து நாள் இங்கே. இணைய இணைப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. நாற்காலியையும் மணைப்பலகையையும் இந்த வாரம் சின்ன யானை வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். ஜன்னலுக்கு நேரே அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறதாம்.